ராபர்ட்டோ கிளெமென்ட்டே

ராபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர் (ஆகஸ்ட் 18, 1934 – டிசம்பர் 31, 1972) புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த புகழ்பெற்ற அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேஜர் லீக் போட்டிகளில் 1955 முதல் 1972 வரை பதினெட்டுப் பருவங்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்னும் ஒரே அணிக்காக ஆடினார். வலப்புற வெளிக்களக் காப்பாளராக விளங்கிய இவர் 3,000 வெற்றியடிகளைப் பெற்றவர். நான்கு முறை நேஷனல் லீக்கின் சிறந்த மட்டையாளர். பன்னிரண்டு முறை தங்கக் கையுறை விருது பெற்றவர். நிக்கராகுவா நாட்டில் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருள்களை எடுத்துச் சென்றபோது நிகழ்ந்த விமான விபத்தில் தமது 38ஆம் வயதில் இறந்தார். அமெரிக்க அடிபந்தாட்டப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வீரர் இவரே.

இவருடைய வரலாறு ஆட்டச் சாதனைகளின் பட்டியலோடு முடிவதில்லை. கறுப்பராகவும் ஸ்பானிய மொழி பேசுபவராகவும் இருந்த ஒருவர், தம் பெயரையும் மொழியையும் ஊரையும் விட்டுக்கொடுக்காமல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டில் மதிப்பைப் பெற நடத்திய நெடும் போராட்டமாகவும் அது உள்ளது.

ஆட்டம் பற்றிய சிறு குறிப்பு

துடுப்பாட்டம் (கிரிக்கெட்) மட்டும் அறிந்த வாசகர்களுக்குச் சில சொற்களை விளக்குவது நலம். அடிபந்தாட்டத்தில் எறிவாளர் பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிவார். மட்டையாளர் அதை அடித்துவிட்டு முதல் தளத்தையாவது பாதுகாப்பாக அடைந்தால் அது வெற்றியடி (ஹிட்) எனப்படும். வெற்றியடிகளின் எண்ணிக்கையை மட்டை பிடித்த முறைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அடிச்சராசரி. ஒரு பருவம் முழுவதும் 0.300 சராசரியைத் தக்கவைத்துக்கொள்பவர், அதாவது பத்துக்கு ஏழு முறை தோற்பவர், மிகச் சிறந்த மட்டையாளராகக் கருதப்படுவார். கிளெமென்ட்டேயின் வாழ்நாள் சராசரி 0.317 ஆகும். வெளிக்களத்தின் வலப்பகுதியைக் காப்பவருக்கு வலிமையான தோள் வேண்டும். ஏனெனில் மூன்றாம் தளத்தை நோக்கி ஓடும் எதிரணி வீரரை வீழ்த்த மிக நீண்ட தொலைவுக்கு எறிய வேண்டியவர் அவரே.

இளமைக்காலம்

கிளெமென்ட்டே புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் யுவானுக்குக் கிழக்கே உள்ள கரோலினா நகரின் சான் அன்டோன் பகுதியில் பிறந்தார். தந்தை மெல்சோர் கிளெமென்ட்டே கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். தாயார் லூயிசா வாக்கர். குடும்பத்தின் பிள்ளைகளில் ராபர்ட்டோ கடைக்குட்டி ஆவார். ஸ்பானிய வழக்கப்படி தந்தைவழிப் பெயரான கிளெமென்ட்டே முதலிலும் தாய்வழிப் பெயரான வாக்கர் அதன் பின்னும் வரும். இந்த வரிசை பின்னாளில் ஒரு சிக்கலுக்குக் காரணமானது. அது கீழே கூறப்படுகிறது.

புவேர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. அங்குள்ள மக்களுக்கு 1917இல் அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. எனவே கிளெமென்ட்டே பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். எனினும் அமெரிக்கப் பெருநிலத்தில் பலரும் அவரை வெளிநாட்டவராகவே நடத்தினர்.

உயர்நிலைப் பள்ளியில் ஈட்டி எறிதலில் சிறந்து விளங்கினார். பின்னாளில் வெளிக்களத்திலிருந்து அவர் பந்தெறிந்த விதத்துக்கு இப்பயிற்சி உதவியது என்பது பலரின் கருத்து. குளிர்காலப் போட்டிகளில் ஆட அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின வீரர் மான்ட்டி இர்வின் சிறுவன் ராபர்ட்டோவுக்கு ஆதர்ச வீரர். அக்காலத்தில் கறுப்பர்களுக்கு மேஜர் லீக்கில் இடமில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கிய பின்னரே அத்தடை உடைந்தது. அப்போது கிளெமென்ட்டேவுக்கு வயது பன்னிரண்டு.

1952இல், பள்ளி மாணவராக இருந்தபோதே, சான்டுர்சே கிராபர்ஸ் அணி வாரம் 40 டாலர் ஊதியத்தில் அவரை ஒப்பந்தம் செய்தது.

டாட்ஜர்ஸ் ஒப்பந்தமும் மான்ட்ரியல் ஆண்டும்

1954 பிப்ரவரியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் முன்தொகையும் 5,000 டாலர் ஊதியமும் தந்து அவரைச் சேர்த்துக்கொண்டது. மில்வாக்கி பிரேவ்ஸ் அணி அதைவிடக் கூடுதல் தொகை தர முன்வந்தபோதிலும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை.

அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் முன்தொகை பெற்ற புதிய வீரரை முதன்மை அணியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; கிளை அணிக்கு அனுப்பினால் பருவ முடிவில் வேறு அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் அவரை கனடாவிலுள்ள மான்ட்ரியல் ராயல்ஸ் என்னும் கிளை அணிக்கே அனுப்பியது. அங்கு 87 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கி 0.257 சராசரி பெற்றார். பிற அணிகளின் கண்ணில் படாமல் அவரை வேண்டுமென்றே மறைத்து வைத்தனர் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. கிளெமென்ட்டேவும் அப்படியே நம்பினார். ஆட்டப் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிற்கால ஆய்வாளர்கள் இதனை மறுத்துள்ளனர். இடக்கை எறிவாளர்கள் எதிரணியில் இருந்த நாள்களில் அவர் பெரும்பாலும் ஆட வைக்கப்பட்டார் என்றும், இளம் வீரர்களை இவ்வாறு மாற்றி மாற்றி ஆட வைப்பது அக்கால வழக்கமே என்றும் அவர்கள் காட்டுகின்றனர்.

மறைத்தார்களோ இல்லையோ, பிட்ஸ்பர்க் அணி அவரைக் கண்டுகொண்டது. வேறொரு எறிவாளரைப் பார்க்கச் சென்ற கிளைட் சுக்ஃபோர்த் என்னும் தேர்வாளர், கிளெமென்ட்டே பயிற்சியில் பந்தெறிவதைக் கண்டு அவரையே தேர்ந்தெடுக்கப் பரிந்துரைத்தார். முன்பு ஜாக்கி ராபின்சனைத் தேடிச் சென்று அழைத்து வந்தவரும் இதே சுக்ஃபோர்த் என்பது குறிப்பிடத்தக்கது. ராபின்சனை ஒப்பந்தம் செய்த பிராஞ்ச் ரிக்கியே அப்போது பிட்ஸ்பர்க்கின் பொது மேலாளராக இருந்தார். 1954 நவம்பர் 22 அன்று 4,000 டாலர் விலையில் கிளெமென்ட்டே பிட்ஸ்பர்க்குக்கு உரியவரானார். டாட்ஜர்ஸ் அணி தன் வரலாற்றில் செய்த பெரும் பிழைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

அந்தக் குளிர்காலத்தில் சான்டுர்சே அணியின் வெளிக்களத்தில் அவருடன் ஆடியவர் வில்லி மேஸ். அந்த அணி 1955ஆம் ஆண்டின் கரீபியத் தொடரை வென்றது. அதே குளிர்காலத்தில் குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவர் கிளெமென்ட்டேயின் மகிழுந்தில் மோதியதால் அவரது முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அந்த வலி வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

பிட்ஸ்பர்க்கில் முதல் ஆண்டுகள்

1955 ஏப்ரல் 17 அன்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் தமது முதல் மேஜர் லீக் ஆட்டத்தை ஆடினார். எதிரணி, அவரைக் கைவிட்ட டாட்ஜர்ஸ். பிட்ஸ்பர்க் அப்போது மிக நலிந்த அணியாகும்; எட்டு அணிகள் கொண்ட லீக்கில் 1952 முதல் 1955 வரை தொடர்ந்து கடைசி இடத்திலேயே இருந்தது. முதலில் 13ஆம் எண் சட்டை அணிந்த கிளெமென்ட்டே விரைவில் 21ஆம் எண்ணுக்கு மாறினார். ராபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர் என்னும் முழுப்பெயரை ஸ்பானிய எழுத்தில் எழுதினால் இருபத்தொரு எழுத்துகள் வரும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

முதல் ஆண்டில் 0.255, அடுத்த ஆண்டில் 0.311 என்று சராசரி உயர்ந்தது. 1956 ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக அவர் செய்த ஒரு செயல் இன்றும் பேசப்படுகிறது. கடைசிச் சுற்றில் மூன்று தளங்களிலும் சக வீரர்கள் நிற்க, அணி மூன்று ஓட்டங்கள் பின்தங்கியிருந்தது. அவர் அடித்த பந்து மைதானத்துக்கு வெளியே செல்லவில்லை. ஆனால் அது திரும்பி வருவதற்குள் நான்கு தளங்களையும் ஓடிக் கடந்து, 9–8 என ஆட்டத்தை வென்று கொடுத்தார். மூன்றாம் தளத்தில் நிற்குமாறு பயிற்சியாளர் காட்டிய சைகையையும் மீறி அவர் ஓடினார்.

1958–59 குளிர்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் (மரைன்ஸ்) ஆறு மாதம் பயிற்சி பெற்று, 1964 வரை அதன் சேமப் படையில் இருந்தார்.

பெயர், மொழி, நிறம்

ஆண்டுதோறும் பருவம் தொடங்கும் முன் பிட்ஸ்பர்க் அணி புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் பயிற்சி பெறும். அங்கு இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்தது. வெள்ளை வீரர்கள் நகரின் விடுதியில் தங்க, கறுப்பின வீரர்கள் ஊரின் மறுபுறத்தில் தனி வீடுகளில் தங்கினர். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் வழியில் வெள்ளையர்கள் உணவகத்துக்குள் சென்று உண்பர். மற்றவர்கள் பேருந்திலேயே காத்திருக்க, உணவு வெளியே கொண்டுவந்து தரப்படும். புவேர்ட்டோ ரிக்கோவிலும் நிறவேற்றுமை உணர்வு இல்லாமல் இல்லை. ஆனால் சட்டமும் பலகையும் வைத்துப் பிரிக்கும் முறையை கிளெமென்ட்டே அதற்கு முன் அனுபவித்ததில்லை. கைநீட்டி அவ்வுணவை வாங்கக் கூடாது என்று சக வீரர்களிடம் வற்புறுத்திய அவர், நிர்வாகத்திடமும் முறையிட்டார். பின்னர் கறுப்பின வீரர்கள் பயணம் செய்யத் தனி வண்டி ஒன்று தரப்பட்டது. ஒதுக்கல் நீங்கவில்லை; காத்திருக்கும் இழிவு மட்டும் நீங்கியது.

மொழி வேறொரு சுவராக நின்றது. அவர் ஆங்கிலத்தைப் பின்னாளில் கற்றவர். 1961ஆம் ஆண்டின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் பத்தாம் சுற்றில் வெற்றி அடியை அடித்தவர் அவர். மறுநாள் செய்தித்தாள்கள் அவரது பேச்சை, உச்சரிப்புப் பிழைகள் அப்படியே தெரியும்படி எழுத்துக்கு எழுத்து சிதைத்து அச்சிட்டன. வெள்ளை வீரர்களின் கொச்சைப் பேச்சைத் திருத்தி வெளியிட்ட அதே நிருபர்கள் தம்மை மட்டும் அறிவிலி போலக் காட்டுகின்றனர் என்பது அவரது குற்றச்சாட்டு. இதில் நியாயம் அவர் பக்கமே இருந்தது என்பதை அக்காலச் செய்தித்தாள்களை இன்று படிப்பவர் எவரும் உணர்வர்.

பெயரையும் அவருக்கு விட்டுவைக்கவில்லை. வர்ணனையாளர்களும் எழுத்தாளர்களும் ராபர்ட்டோ என்பதை பாப் என்று சுருக்கினர். டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீரர் அட்டைகளில் 1957 முதல் 1969 வரை அவர் பாப் கிளெமென்ட்டே என்றே அச்சிடப்பட்டார். தம் பெயர் ராபர்ட்டோ என்று அவர் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது.

உடல்நிலை பற்றிய ஏளனம் இன்னொன்று. முதுகுவலி, முழங்கையில் எலும்புத் துண்டுகள், மலேரியா எனப் பல துன்பங்கள் அவருக்கு இருந்தன. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். வலியை மறைப்பதே வீரம் என்று கருதிய சூழலில் இது சோம்பேறித்தனமாகவும் கற்பனை நோயாகவும் எழுதப்பட்டது. எண்களோ வேறு கதை சொல்கின்றன. 1960 முதல் 1967 வரை எட்டுப் பருவங்களில் ஒன்றில்கூட அவர் 144 ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடவில்லை. பிட்ஸ்பர்க் அணிக்காக அவர் ஆடிய 2,433 ஆட்டங்கள், அந்த அணியின் பழம்பெரும் வீரர் ஹோனஸ் வாக்னரின் எண்ணிக்கைக்குச் சமமானவை.

1960 உலகத் தொடர்

1960இல் பிட்ஸ்பர்க் அணி நேஷனல் லீக்கை வென்று, உலகத் தொடரில் வலிமை மிக்க நியூயார்க் யாங்கீஸ் அணியை எதிர்கொண்டது. ஏழாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன் தொடரை முடித்து வைத்தது. கிளெமென்ட்டே ஏழு ஆட்டங்களிலும் வெற்றியடி பெற்றிருந்தார். அணியின் உடை மாற்றும் அறையில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவர் விரைவாகக் கிளம்பித் தெருவில் திரண்டிருந்த ரசிகர்களோடு கலந்துகொண்டார்.

அப்பருவத்தில் அவரது சராசரி 0.314. எனினும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் எட்டாம் இடமே கிடைத்தது. விருது அதே அணியின் டிக் குரோட்டுக்குச் சென்றது. குரோட் தகுதியற்றவர் என்று கிளெமென்ட்டே கூறவில்லை. தம்மை ஏழு பேருக்குப் பின்னால் வைத்ததையே அவர் அவமதிப்பாகக் கருதினார். அந்த வெற்றிக்காக வழங்கப்பட்ட மோதிரத்தை அவர் அணியவில்லை என்பர்.

அடுத்த ஆண்டே 0.351 சராசரியுடன் லீக்கின் மட்டையாளர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் ஹோம் ரன் பட்டியலில் முதலிடம் பெற்றவர் மற்றொரு புவேர்ட்டோ ரிக்கோ வீரரான ஓர்லாண்டோ செப்பேடா. இருவரும் ஊர் திரும்பியபோது சான் யுவானில் மாபெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. 1964இல் 0.339, 1965இல் 0.329, 1967இல் 0.357 என மேலும் மூன்று முறை இப்பட்டத்தைப் பெற்றார்.

ஆட்டமுறை

கிளெமென்ட்டேயின் ஆட்டம் இலக்கணத்துக்கு அடங்காதது. மட்டை பிடிக்க வரும்போது கழுத்தை இருபுறமும் சுழற்றிச் சொடுக்குவார். தட்டிலிருந்து விலகி நின்று, கனமான மட்டையால், பிறர் தொடாமல் விட்டுவிடும் பந்துகளையும் துரத்தி அடிப்பார். ஓடும்போது கைகால்கள் நான்கு பக்கமும் பறப்பது போலத் தோன்றும். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மிகப் பரந்த மைதானம். அங்கு ஹோம் ரன் அடிப்பதைவிட இடைவெளிகளில் பந்தைச் செலுத்தி ஓடுவதே பயன் தரும். அவர் பெற்ற 166 மூன்றுதள அடிகள் இதற்குச் சான்று. ஹோம் ரன்கள் 240.

ஆயினும் அவரை நேரில் கண்டவர்கள் முதலில் நினைவுகூர்வது அவரது எறிதலையே. வலது மூலைச் சுவருக்கு அருகில் பந்தைத் திரட்டி, உடலைச் சுழற்றித் தரையில் படாமல் மூன்றாம் தளத்துக்கு எறிவார். வெளிக்களத்திலிருந்து எறிந்து எதிரணியினரை வீழ்த்தியதில் ஐந்து பருவங்களில் லீக்கின் முதலிடத்தைப் பெற்றார். பல வீரர்கள் அவர் கையில் பந்து இருக்கிறது என்று அறிந்ததும் அடுத்த தளத்துக்கு ஓடாமல் நின்றுவிடுவர். அந்த அச்சம் எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாது. 1961 முதல் 1972 வரை பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தங்கக் கையுறை விருது பெற்றார்.

தலைமை வீரர்

1964 நவம்பர் 14 அன்று கரோலினாவில் வேரா சபாலாவை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் குழந்தைகள். மூவரும் புவேர்ட்டோ ரிக்கோ மண்ணிலேயே பிறக்க வேண்டும் என்பதில் கிளெமென்ட்டே உறுதியாக இருந்தார்.

1966இல் 29 ஹோம் ரன்களும் 0.317 சராசரியும் பெற்று, சாண்டி கோஃபாக்ஸை முந்தி, நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். ஆறு ஆண்டு மனக்குறை ஒருவாறு தீர்ந்தது. அணியில் சேர்ந்த இளம் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வீரர்களுக்கு அவர் மூத்த சகோதரர் போல விளங்கினார். பனாமா நாட்டு வீரர் மானி சாங்கியென் அவர்களுள் நெருக்கமானவர்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். கிளெமென்ட்டே அவரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தவர். இறுதிச் சடங்கு முடியும் முன் ஹூஸ்டனில் பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க் வீரர்கள் ஆட மறுத்தனர். அம்முடிவில் கிளெமென்ட்டேவுக்குப் பெரும் பங்கு இருந்தது. இறுதிச் சடங்குக்கு மறுநாளான ஏப்ரல் 10 அன்றே ஆட்டம் நடைபெற்றது.

1970 ஜூலை 24 அன்று பிட்ஸ்பர்க்கின் புதிய மைதானமான திரீ ரிவர்ஸில் அவருக்குப் பாராட்டு விழா நடைபெற்றது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பலர் வந்திருந்தனர். விழாவில் திரட்டப்பட்ட தொகையை நகரின் குழந்தைகள் மருத்துவமனைக்கு வழங்கச் செய்தார்.

1971 செப்டம்பர் 1 அன்று பிலடெல்பியா அணிக்கு எதிராகப் பிட்ஸ்பர்க் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். மேஜர் லீக் வரலாற்றில் இதுவே முதல் முறை. மேலாளர் டேனி மெர்ட்டா இதற்காகச் சிறப்பு அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. மூன்றாம் இடத்தில் மட்டை பிடித்தவர் கிளெமென்ட்டே. கறுப்பின வீரர்கள் பேருந்தில் காத்திருந்த காலத்திலிருந்து அணியில் இருந்தவர் அவர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

1971 உலகத் தொடர்

அந்த அக்டோபரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியுடன் உலகத் தொடர் நடைபெற்றது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் பிட்ஸ்பர்க் தோற்றது. பின் மூன்று ஆட்டங்களை வென்று, ஆறாவதை இழந்து, அக்டோபர் 17 அன்று நடந்த ஏழாவதை 2–1 என வென்றது. அந்த இரண்டு ஓட்டங்களுள் ஒன்று, மைக் குவேயாரின் பந்தில் கிளெமென்ட்டே அடித்த ஹோம் ரன். 37 வயதான அவர் மீண்டும் ஏழு ஆட்டங்களிலும் வெற்றியடி பெற்று, 0.414 சராசரியுடன் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதினாறு ஆண்டுகள் பிட்ஸ்பர்க்குக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த ஒரு திறமையைத் தொலைக்காட்சி வழியே நாடு முழுவதும் பத்து நாள்களில் கண்டது.

வெற்றிக்குப் பின் தொலைக்காட்சிக் கருவியின் முன் நிறுத்தப்பட்டபோது, ஆங்கிலத்தில் விடை கூறும் முன், தம் பெற்றோரிடம் ஸ்பானிய மொழியில் சில சொற்கள் பேசி ஆசி வேண்டினார். எந்த மொழிக்காக ஏளனம் செய்யப்பட்டாரோ அதே மொழி அமெரிக்க வீடுகளெங்கும் ஒலித்தது. லத்தீன் அமெரிக்க மக்கள் அந்தச் சில நொடிகளை அவரது ஆட்டத்துக்கு நிகராகப் போற்றுகின்றனர்.

மூவாயிரமாவது வெற்றியடி

1972 பருவம் முடியும் தறுவாயில் அவர் 2,999 வெற்றியடிகளில் நின்றார். செப்டம்பர் 29 அன்று டாம் சீவரின் பந்தில் கிடைத்த ஒன்றை, களக்காப்பாளரின் பிழை எனப் பதிவாளர் முடிவு செய்தார். மறுநாள் செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் எறிந்த பந்தை இடப்புற மையத்தில் அடித்து இரண்டாம் தளத்தை அடைந்தார். நடுவர் பந்தை அவரிடம் தந்தார். அவர் தொப்பியை உயர்த்திக் காட்டினார். மேஜர் லீக்கில் 3,000 வெற்றியடிகளை எட்டிய பதினோராவது வீரர் அவர். காணக் கூடியிருந்தோர் 13,117 பேர் மட்டுமே. வழக்கமான பருவ ஆட்டங்களில் அவர் பெற்ற கடைசி வெற்றியடி அதுவாகவே அமைந்துவிட்டது.

நிக்கராகுவாவும் விமான விபத்தும்

1972 நவம்பரில் நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் நடந்த உலகத் தொழில்சாராப் போட்டியில் புவேர்ட்டோ ரிக்கோ அணியின் மேலாளராகச் சில வாரங்கள் தங்கியிருந்தார். அங்கு கால்களை இழந்த ஒரு சிறுவனைச் சந்தித்து, அவனுக்குச் செயற்கைக் கால்கள் பொருத்த ஏற்பாடு செய்தார். ஊர் மக்கள் பலரோடும் பழகினார்.

டிசம்பர் 23 அதிகாலையில் மனாகுவாவை நிலநடுக்கம் தாக்கியது. நகரின் மையப் பகுதி அழிந்தது. பல ஆயிரம் பேர் இறந்தனர். சான் யுவானில் அமைக்கப்பட்ட நிவாரணக் குழுவுக்குக் கிளெமென்ட்டே தலைமை ஏற்றார். பெயரளவுத் தலைவராக அவர் இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் நாள்களிலும் பணமும் உணவும் மருந்தும் திரட்டினார். பொருள்கள் விமானங்களில் அனுப்பப்பட்டன. ஆனால் நிக்கராகுவாவின் அதிபதியாக விளங்கிய அனஸ்தாசியோ சொமோசாவின் தேசியக் காவற்படை நிவாரணப் பொருள்களைக் கைப்பற்றிக்கொள்கிறது என்ற செய்தி வந்தது. தாமே நேரில் சென்றால் எவரும் தடுக்கத் துணியார் என்று எண்ணி அடுத்த விமானத்தில் செல்ல முடிவு செய்தார்.

அந்த விமானம் பழைய டி.சி-7 வகைச் சரக்கு விமானம். அதே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதைக்கு அருகே விபத்துக்குள்ளாகிச் சேதமடைந்திருந்தது. தகுதி பெற்ற துணை விமானியோ விமானப் பொறியாளரோ இல்லை. அனுமதிக்கப்பட்ட எடையைவிட ஏறத்தாழ 1,900 கிலோ கூடுதலாகச் சரக்கு ஏற்றப்பட்டிருந்தது. இவற்றுள் எதுவும் கிளெமென்ட்டேவுக்குத் தெரிந்திருக்கச் சான்று இல்லை. டிசம்பர் 31 இரவு ஒன்பது மணிக்குப் பின், சான் யுவான் நகரம் புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்த வேளையில் விமானம் புறப்பட்டது. சற்று நேரத்திலேயே இயந்திரக் கோளாறு ஏற்பட்டு, இஸ்லா வெர்டே கடற்கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த ஐவரும் இறந்தனர்.

மக்கள் கடற்கரையில் நாள்கணக்கில் கூடி நின்றனர். சாங்கியென் நினைவு வழிபாட்டில் கலந்துகொள்ளாமல், நீரில் மூழ்கித் தேடுவோருடன் சேர்ந்து தம் நண்பரைத் தேடினார். கிளெமென்ட்டேயின் உடல் கிடைக்கவே இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் புதிய ஆளுநர் ரஃபேல் எர்னாண்டஸ் கொலோன் பதவியேற்பை ஒட்டிய கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன.

விமானத்தைச் சோதிக்காமல் புறப்பட விட்டதற்காக அமெரிக்க அரசின் மீது குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

இறப்புக்குப் பின்

ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்தே புகழ்க்கூடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் விதி இவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1973 மார்ச்சில் நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் 424 வாக்குகளில் 393 பெற்றார். ஆகஸ்ட் 6 அன்று கூப்பர்ஸ்டவுனில் நடந்த விழாவில் அவர் சார்பில் மனைவி வேரா சிறப்பை ஏற்றார். கிளெமென்ட்டேயின் சிறுவயது ஆதர்ச வீரரான மான்ட்டி இர்வினும் அதே நாளில் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.

பொதுத்தொண்டில் சிறந்த வீரருக்கு மேஜர் லீக் 1971 முதல் வழங்கிவந்த விருது, 1973இல் ராபர்ட்டோ கிளெமென்ட்டே விருது எனப் பெயர் மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் அணி 21ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என அறிவித்தது. ஏழைச் சிறுவர்களுக்காகக் கரோலினாவில் விளையாட்டு நகரம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். அதனை வேராவும் குடும்பத்தினரும் பின்னர் நிறைவேற்ற முயன்றனர். வேரா 2019இல் காலமானார். 2003இல் அமெரிக்காவின் அதிபர் விடுதலைப் பதக்கம் கிளெமென்ட்டேவுக்கு வழங்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கில் 1998இல் ஆறாம் தெருப் பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் அருகில் 2001இல் திறக்கப்பட்ட பி.என்.சி. பார்க் மைதானத்தின் வலப்புறச் சுவர் 21 அடி உயரம் கொண்டது.

புகழ்க்கூடத்தில் 1973இல் வைக்கப்பட்ட வெண்கலப் பலகையில் அவரது பெயர் ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே என்று ஆங்கில வழக்கப்படி மாற்றிப் பொறிக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் அப்பலகை அகற்றப்பட்டு, ராபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர் என்ற பெயருடன் புதிய பலகை வைக்கப்பட்டது.